சிவப்பும் சிவப்பும் கலந்தால் வெள்ளை: ஈஸ்ட் கலப்பு மூலம் மரபியல் கற்பிக்க ஒரு வழிகாட்டி

நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, நான்கு கட்டம், 3:1. மரபியல் பாடம் பெரும்பாலும் கரும்பலகையில் தொடங்கிக் கரும்பலகையிலேயே முடிந்துவிடுகிறது. கட்டத்தை நிரப்பத் தெரிந்த மாணவரிடம் "இந்த விகிதம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் "கட்டத்திலிருந்து" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு உயிரையும் அவர் கலப்புச் செய்து பார்த்ததில்லையே.

பட்டாணியை வகுப்பில் வளர்ப்பது லேசான காரியமில்லை. ஒரு தலைமுறைக்கே மாதக்கணக்கில் ஆகும். ஈஸ்ட்டுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. 30 டிகிரி செல்சியஸில், நல்ல உணவு கிடைத்தால், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். கலப்பு முதல் பேரக்குழந்தை வரை இரண்டு, மூன்று வாரத்தில் பார்த்துவிடலாம்.

என்னைக் கேட்டால், வேகம் இரண்டாவது காரணம்தான். ஈஸ்ட்டில் ஒருமடியச் செல்லும் (ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரே பிரதி) தனியாக வாழ்ந்து பெருகும், இருமடியச் செல்லும் தனியாக வாழ்ந்து பெருகும். பட்டாணியில் மகரந்தத்துக்குள் எந்த அல்லீல் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அடுத்த தலைமுறைச் செடிகளை எண்ணித்தான் மெண்டல் அதை ஊகித்தார். 1866-இல் அச்சான அவருடைய கட்டுரை முழுக்க அந்த ஊகத்தின் கணக்குதான். ஈஸ்ட்டில் அந்தப் பாலணுவே ஒரு காலனியாக வளர்ந்து தன் நிறத்தைக் காட்டும். ஒடுங்கு பண்பு ஒளிந்துகொள்ள அங்கே இடமே இல்லை.

முதலில் தெரிந்திருக்க வேண்டியது

நாம் பயன்படுத்துவது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டியைப் பொங்க வைப்பதும் இதே இனம்தான். ஆனால் ரொட்டிக்காக விற்கும் பாக்கெட் ஈஸ்ட் இந்தச் சோதனைக்கு உதவாது. அது பெரும்பாலும் இருமடியம் அல்லது அதற்கும் மேல், கலப்புக்கு வராது. நமக்கு வேண்டியவை ஆய்வகத்துக்கென்று வளர்க்கப்பட்ட ஒருமடிய வகைகள். நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்கள், கல்விப் பொருள் விற்பவர்கள், ஈஸ்ட் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழக ஆய்வகங்கள் ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள்.

ஒருமடிய ஈஸ்ட்டில் இரண்டு இணைவு வகைகள் உண்டு: 'ஏ', 'ஆல்பா'. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஏ வகை ஆல்பாவோடு மட்டுமே சேரும், தன் வகையோடு சேராது. சேர்ந்தால் இருமடியச் செல் பிறக்கும். அந்த இருமடியச் செல்லைப் பட்டினி போட்டால் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) நடந்து, ஆஸ்கஸ் என்ற சிறு பைக்குள் நான்கு ஒருமடிய வித்துகள் உருவாகும். ஈஸ்ட்டின் பாலணு என்று நான் சொல்வது இவற்றைத்தான். நான்கில் இரண்டு ஏ, இரண்டு ஆல்பா.

அடுத்து நிறம். ஈஸ்ட் தனக்கு வேண்டிய அடினைனைப் பல படிகளில் தானே தயாரித்துக்கொள்ளும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. ஏட்1, ஏட்2 என்ற இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்த இரண்டு படிகளைக் கவனிக்கின்றன. இவற்றில் எது பழுதானாலும் பாதியில் நின்ற சரக்கு செல்லின் நுண்குமிழுக்குள் தேங்கி, ஆக்சிஜன் பட்டுச் சிவப்பாகிவிடும். ஆகவே ஏட்1 பழுதான காலனியும் சிவப்பு, ஏட்2 பழுதான காலனியும் சிவப்பு. கண்ணால் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. சோதனையின் சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது.

வேண்டிய பொருட்கள்

ஆறு ஈஸ்ட் வகைகள் இருந்தால் முதல் கட்டத்துக்குப் போதும்: இயல்பு வகை (எதுவும் பழுதாகாதது, வெள்ளை), ஏட்1 பழுதானது, ஏட்2 பழுதானது. ஒவ்வொன்றிலும் ஏ ஒன்று, ஆல்பா ஒன்று. இரண்டாம் கட்டத்துக்கு டிரிப்டோபேன் தயாரிக்க முடியாத ட்ரிப்5 வகையில் ஆல்பா ஒன்று கூடுதலாக வேண்டும்.

வளர்ப்பு ஊடகம் மூன்று வகை. ஒரு லிட்டருக்கான அளவு இது:

- சத்து ஊடகம்: ஈஸ்ட் சாறு 10 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், அகார் 20 கிராம்.
- குறைந்தபட்ச ஊடகம்: அமினோ அமிலம் சேர்க்காத, அம்மோனியம் சல்பேட் சேர்த்த ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் 6.7 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், அகார் 20 கிராம். தேவைப்படும்போது அடினைன் அல்லது டிரிப்டோபேன் 20 மில்லிகிராம்.
- வித்து ஊடகம்: பொட்டாசியம் அசிட்டேட் 10 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், குளுக்கோஸ் அரை கிராம், அகார் 20 கிராம்.

ஒரு லிட்டரில் சுமார் 40 பெட்ரி தட்டுகள் ஊற்றலாம். கிருமி நீக்கம் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஆட்டோகிளேவ் இல்லாவிட்டால் நல்ல பிரஷர் குக்கர் போதும். மரப் பல்குத்திகளையும் ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு மூடி அதோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். உலோக வளையத்தைத் தீயில் காட்டிக் காட்டி எடுப்பதைவிட, ஒரு முறை தொட்டதும் தூக்கிப்போடும் பல்குத்தி புதியவர்களுக்குப் பாதுகாப்பு. பக்கத்திலேயே ஆல்கஹால் இருக்கும் மேசையில் தீயும் வேண்டாம்.

சத்து ஊடகத்தில் அடினைனைக் கூடுதலாகச் சேர்த்துவிடாதீர்கள். அடினைன் தாராளமாகக் கிடைத்தால் ஈஸ்ட் தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும். சரக்கு தேங்காது, சிவப்பும் வராது. "என் தட்டில் எல்லாமே வெள்ளை" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் கட்டம்: கலப்பு

வகுப்புக்கு முந்தைய நாள், ஒவ்வொரு வகையையும் புதுத் தட்டில் தேய்த்து இரவு முழுக்க வளர விடுங்கள். குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் தூங்கிய செல்களைக் கொண்டுவந்து நேராகக் கலந்தால் அவை சோம்பலாகத்தான் இருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் செல்களே சுறுசுறுப்பாக இணையும்.

தட்டுகளுக்குக் குறியீடு கொடுங்கள். ஏ வகைகளுக்கு எண், ஆல்பா வகைகளுக்கு எழுத்து. எது ஏட்1, எது ஏட்2 என்று சொல்லாதீர்கள். மாணவர்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இரு பக்கமும் ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு என்பதுதான்.

பெட்ரி தட்டின் அடிப்புறத்தில் மூன்றுக்கு மூன்று கட்டம் வரையச் சொல்லுங்கள். மூடியில் வரைந்தால், மூடி திரும்பியதும் கணக்கு போச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் பல்குத்தியால் ஏ வகையில் ஒரு துளி எடுத்து வைத்து, வேறொரு பல்குத்தியால் அதே அளவு ஆல்பாவை எடுத்து அதன் மேலேயே கலக்க வேண்டும். துளி என்றால் குண்டூசித் தலை அளவு. அள்ளி அப்பினால் அடியில் இருக்கும் செல்களுக்கு உணவும் காற்றும் எட்டாது. தட்டின் ஓரத்தில் பெற்றோர் ஆறையும் தனித்தனியாக வையுங்கள். ஏ-யோடு ஏ-யை ஒரே இடத்தில் கலந்து ஒரு புள்ளியும் இருக்கட்டும். அங்கே எதுவும் நடக்கக்கூடாது. நடந்தால் எங்கோ கலப்படம்.

இப்போது தட்டை மூடி வைத்துவிட்டு, கணிப்பை எழுதி வாங்குங்கள். ஒன்பது கட்டத்துக்கும் நிறம் எழுதி, ஏன் என்று ஒரு வரி. இதைத் தவிர்த்துவிட்டுச் சோதனைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. முடிவைப் பார்த்தபின் எல்லோருக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்தது போலத்தான் இருக்கும்.

மூன்று, நான்கு மணி நேரம் கழித்து ஒரு கலவையிலிருந்து சிறிது எடுத்து, ஒரு சொட்டு நீரில் கரைத்து, 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பாருங்கள். ஏ-யும் ஆல்பாவும் ஒன்றை ஒன்று வேதிச் சமிக்ஞையால் உணர்கின்றன. ஆல்பா விடும் சமிக்ஞை 13 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு சங்கிலி. அதை உணர்ந்த ஏ செல் மொட்டு விடுவதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கமாக மூக்கு நீண்டு பேரிக்காய் வடிவத்துக்கு வரும். உருண்டைச் செல்களுக்கு நடுவே இந்த மூக்குச் செல்களைத் தேடச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு செல்கள் நடுவில் ஒட்டி, இடுப்பு சிறுத்து நிற்பதும் தெரியும். அதுதான் கருமுட்டை. சில சமயம் அந்த இடுப்பிலிருந்தே முதல் மொட்டு கிளம்பிக்கொண்டிருக்கும். பிறந்த இருமடியத்தின் முதல் குழந்தை அது.

மறுநாள் ஒவ்வொரு கலவையிலிருந்தும் புதுச் சத்துத் தட்டுக்கு மெல்லிய கோடாகத் தேய்த்து மாற்றுங்கள். பழைய புள்ளியில் இணையாத ஒருமடியங்களும் கலந்திருப்பதால் நிறம் குழப்பும். இரண்டு, மூன்று நாளில் காலனிகள் தெரியும். சிவப்பு முழுதாக ஏற இன்னும் ஓரிரு நாள் ஆகும். காலனிகள் வளர்ந்தபின் தட்டைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்தால் சிவப்பு இன்னும் அடர்த்தியாகும். காலனியின் நடுப்பகுதி அடர்ந்தும் விளிம்பு வெளிறியும் இருப்பது இயல்புதான். விளிம்பில் இருப்பவை புதுச் செல்கள், அவற்றில் சரக்கு இன்னும் தேங்கவில்லை.

முடிவைப் படிப்பது

வெள்ளையோடு எதைக் கலந்தாலும் வெள்ளை. ஓங்கு பண்பு, இதில் யாருக்கும் வியப்பு இருக்காது. சிவப்பும் சிவப்பும் சேர்ந்த நான்கு கட்டங்களில்தான் வகுப்பு சத்தம் போடும். இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. (இணையாத பெற்றோரால் ஆங்காங்கே சிவப்புக் காலனி தெரியும், வெள்ளை வந்ததா என்பதுதான் கேள்வி.)

விளக்கத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இரண்டு சிவப்புக்கும் ஒரே பழுது என்றால் குழந்தைக்கு அந்த நொதி எங்கிருந்து கிடைக்கும்?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். சற்று நேரத்தில் யாராவது பிடித்துவிடுவார்கள்: ஒருவரிடம் ஏட்1 பழுது, ஏட்2 நலம், மற்றவரிடம் ஏட்1 நலம், ஏட்2 பழுது. குழந்தைக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிட்டது, படிகள் இரண்டும் ஓடுகின்றன, சரக்கு தேங்கவில்லை. இப்படி ஒன்றை ஒன்று ஈடுசெய்தால் பழுது வெவ்வேறு மரபணுவில் இருக்கிறது. ஈடுசெய்யாவிட்டால் ஒரே மரபணுவில். குறியீட்டைப் பிரிக்க இந்த ஒரே விதி போதும்: எந்தச் சிவப்பு எண்ணும் எந்தச் சிவப்பு எழுத்தும் சேர்ந்தபோது குழந்தையும் சிவப்பாகவே இருந்ததோ, அவை இரண்டும் ஒரே குழு.

சந்தேகப்படுபவர்களுக்கு, அடினைன் இல்லாத குறைந்தபட்ச ஊடகத்தில் அதே காலனிகளைத் தேய்த்துக் காட்டுங்கள். பெற்றோர் சிவப்புகள் வளராது, வெள்ளைக் குழந்தை வளரும். ஒரே புறத்தோற்றத்துக்குப் பின்னால் வேறு வேறு மரபணு இருக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் வகுப்புச் சோதனை வேறொன்றை நான் பார்த்ததில்லை. வகுப்பு நேரம் இவ்வளவுதான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், குறையொன்றுமில்லை.

இரண்டாம் கட்டம்: வித்துகள்

பிரிதல் விகிதத்தைப் பார்க்க ஏட்2 பழுதான ஏ வகையை ட்ரிப்5 பழுதான ஆல்பாவோடு கலக்கவும். குறைந்தபட்ச ஊடகத்தில் பெற்றோர் இருவருமே வளர மாட்டார்கள்: ஒருவருக்கு அடினைன் இல்லை, மற்றவருக்கு டிரிப்டோபேன் இல்லை. இருமடியம் மட்டும் வளரும். ஆக, கலவையை அந்தத் தட்டுக்கு மாற்றினாலே சுத்தமான இருமடியம் கையில் வந்துவிடும். இயல்பு வகையோடு ஏட்2-வைக் கலந்தால் இந்த வசதி கிடையாது.

அந்த இருமடியத்தைச் சத்துத் தட்டில் ஒரு நாள் வளர்த்து, வித்து ஊடகத்துக்கு மாற்றி, அறை வெப்பநிலையில் ஐந்து நாள் முதல் ஒரு வாரம் வரை விட்டுவிடுங்கள். நைட்ரஜன் பற்றாக்குறையும், நொதிக்கவைக்க முடியாத அசிட்டேட்டும் சேர்ந்து குன்றல் பகுப்பைத் தூண்டும். நுண்ணோக்கியில் ஒரே பைக்குள் நான்கு உருண்டைகள் தெரியும். சில பைகளில் மூன்றுதான் கண்ணில் படும். நான்காவது மற்றவற்றுக்குப் பின்னால் இருக்கலாம், குவியத்தை மெல்லத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வகங்களில் நுண்ணூசியால் நான்கு வித்துகளையும் தனித்தனியே பிரித்து வரிசையாக வைப்பார்கள். வகுப்பில் அது நடக்காது. பைச்சுவரைக் கரைக்கும் ஸைமோலியேஸ் போன்ற நொதியில் ஊறவைத்து, நீரில் கண்ணாடி மணிகளோடு நன்றாகக் குலுக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டுக்கு நூறு காலனி போல வருமாறு பரப்புவதே நடைமுறை. எந்த நீர்ப்பு சரியாக வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு நீர்ப்புகளையும் பரப்பிவிட்டு நல்லதை எண்ணிக்கொள்ளுங்கள். நெருக்கமாகப் பரப்பினால் முளைத்த வித்துகள் பக்கத்து வித்தோடு மறுபடி இணைந்துவிடும்.

எதிர்பார்ப்பு என்ன? நிறத்தில் சிவப்பும் வெள்ளையும் 1:1. இங்கே 3:1 என்று எழுதிய மாணவரிடம் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 3:1 என்பது இரண்டு பாலணுக்கள் சேர்ந்தபின் வரும் கணக்கு; நாம் எண்ணுவது பாலணுவையே. அடுத்து, காலனிகளைப் பல்குத்தியால் நான்கு தட்டுகளுக்கு அதே வரிசையில் தொட்டு மாற்றுங்கள்: குறைந்தபட்ச ஊடகம், அதில் அடினைன் மட்டும், டிரிப்டோபேன் மட்டும், இரண்டும். எந்தத் தட்டில் எது வளர்ந்தது என்று பார்த்தால் நான்கு வகை கிடைக்கும். ஏட்2 15-ஆம் குரோமோசோமிலும் ட்ரிப்5 ஏழாம் குரோமோசோமிலும் இருப்பதால் 1:1:1:1. பாடப்புத்தகத்தின் 9:3:3:1-க்குள் ஒளிந்திருந்தது இதுதான்.

கொஞ்சம் முன்னேறிய மாணவர்களுக்கு ஒரு கணக்கு: முதல் கட்டத்தில் வெள்ளையாக வந்த ஏட்1–ஏட்2 குழந்தையை வித்து விட வைத்தால் எத்தனை பங்கு சிவப்பு? ஏட்1 முதல் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டுமே நலமாக உள்ள வித்து நான்கில் ஒன்று. மற்ற மூன்றும் சிவப்பு.

எண்ணும்போது

100 காலனியில் 58 வெள்ளை, 42 சிவப்பு வந்தால் 1:1 தப்பா? கை-வர்க்கச் சோதனை (chi-square; எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து வந்த விலகல் தற்செயலாக இருக்கலாமா என்று பார்க்கும் கணக்கு) போடுங்கள்: எட்டின் வர்க்கம் 64, அதை 50-ஆல் வகுத்து இரண்டு முறை கூட்டினால் 2.56. ஐந்து சதவீத எல்லை 3.84, அதற்குள் இருப்பதால் கவலையில்லை. 60-க்கு 40 என்றால் 4 வரும், எல்லை தாண்டிவிட்டது. நான்கு வகைக் கணக்குக்கு எல்லை 7.81. எல்லாக் குழுவின் எண்ணிக்கையையும் கூட்டி மறுபடி போட்டால் விகிதம் எப்படி நெருங்குகிறது என்பதும் தெரியும்.

வெள்ளை கணிசமாக அதிகம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வித்தாகாமல் மிச்சமிருந்த இருமடியச் செல்களை. அவை வெள்ளை, எல்லாத் தட்டிலும் வளரும், எனவே இயல்பு வித்து போலவே வேஷம் போடும். சிவப்புக் காலனி எதுவாக இருந்தாலும் அது வித்திலிருந்து வந்ததுதான் என்று நம்பலாம். வெள்ளையை அப்படி நம்ப முடியாது. அந்த வெள்ளைகளை ஏ, ஆல்பா இரண்டோடும் கலந்து பாருங்கள். இரண்டோடும் சேரவில்லை என்றால் இருமடியம், கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

முடித்தபின்

இந்த ஈஸ்ட் நலமான ஒருவருக்குத் தீங்கு செய்யாது. இருந்தாலும் ஆய்வகத்தில் எதையும் சாப்பிடக்கூடாது, கை கழுவ வேண்டும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த மாணவர் இருந்தால் அவரிடம் எண்ணும் வேலையைக் கொடுங்கள், அதுவும் மூடிய தட்டில். தட்டுகளைத் தூக்கிப்போடும் முன் பத்து சதவீத பிளீச் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைக்கவும், அல்லது குக்கரில் மறுபடி ஒரு முறை ஏற்றவும்.

ஊறவைக்கும் முன் சிவப்புத் தட்டுகளை ஒரு முறை உற்றுப் பாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னஞ்சிறு வெள்ளைக் காலனிகள் இருக்கும். அடினைன் மரபணு சரியாகிவிட்டது என்று மாணவர்கள் முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் அது குட்டை வகை: மைட்டோகாண்ட்ரியா பழுதாகிச் சுவாசிக்க முடியாமல் போனவை. சிவப்பு நிறமி உருவாகச் சுவாசம் வேண்டும் என்பதால் வெள்ளையாக நிற்கின்றன. குளுக்கோஸுக்குப் பதில் கிளிசரால் வைத்த ஊடகத்தில் தேய்த்தால் இவை வளராது, அடையாளம் உறுதியாகிவிடும். சுவாசிக்கத் தெரிந்த ஈஸ்ட்டோடு இவற்றைக் கலந்து வித்து விட வைத்தால் பொதுவாக நான்கு வித்தும் சுவாசிக்கும். குட்டைப் பண்பு 2:2 ஆகப் பிரியவே பிரியாது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்கு வெளியே இருப்பதால் மெண்டலின் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆர்வமுள்ள குழுவுக்கு அடுத்த கலப்பு இதுவாக இருக்கட்டும்.